11 வயசு நாய்க்கு ஸ்கேன்ல கல்லீரல் கட்டின்னு வந்திருக்கு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?

அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. டாக்டர்கிட்ட முதல்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, கட்டி ஒண்ணா, பலதா?

எங்க நாய்க்கு 12 வயசுல இதே கதைதான். சாப்பாடு குறைஞ்சுது, தண்ணி மட்டும் அடிக்கடி குடிச்சான், வயசாயிடுச்சுன்னு நாங்களும் விட்டுட்டோம், ஒரு நாள் குளிப்பாட்டும்போது விலா எலும்பு முடியுற இடத்துல கெட்டியா ஏதோ கைல தட்டுப்படுது. ரத்தத்துல ஏஎல்பி, ஏஎல்டின்னு கல்லீரல் நிலையைக் காட்டுற ரெண்டு என்சைமும் எகிறிக் கிடந்துச்சு. ஸ்கேன்ல கட்டியோட சைஸைப் பார்த்துட்டு முதல் டாக்டர் கையை விரிச்சுட்டாரு.

அடுத்தவர்தான் புரியவச்சாரு. நாய்க்கு கல்லீரல்லயே உருவாகுற கேன்சர் கம்மி, வேற இடத்துலேருந்து பரவி வர்றதுதான் ஜாஸ்தி. அங்கயே உருவாகுறதுல அதிகமா வர்றது ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா, அதாவது கல்லீரல் செல்லுலேருந்தே வர்ற கேன்சர், அது பெரும்பாலும் ஒரே மடல்ல (கல்லீரல் பிரிஞ்சிருக்குற பகுதிங்கதான் மடல்), அதுவும் இடது பக்கம், ஒத்தைக் கட்டியா பெருசா வளரும், ஆனா அவ்வளவு சீக்கிரம் பரவாது. பார்க்கத்தான் பயங்கரம். 2004ல வந்த ஒரு ஆய்வுல இந்த மாதிரி கட்டியை மடலோட எடுத்த நாய்ங்கள்ல பாதிக்கு மேல 1460 நாளைத் தாண்டி இருக்கும்னு கணக்கு வந்துச்சு, ஆபரேஷன் பண்ணாததுங்களுக்கு அதுவே 270 நாள்தான். கல்லீரல்ல மூணுல ரெண்டு பங்கை எடுத்தாலும் திரும்ப வளர்ந்துக்கும்ங்கறது வேற நமக்கு சாதகம்.

எல்லா மடல்லயும் சின்னச் சின்னதா பரவிக் கிடக்குற கேன்சர்னா கஷ்டம்தான், வெட்டவும் முடியாது, கீமோவும் பெருசா கேக்காது. ஆனா வயசான நாய்ங்களுக்கு கேன்சரே இல்லாத சும்மா முடிச்சுங்களும் நிறைய வரும், ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால ஊசியால கொஞ்சம் செல் உறிஞ்சியோ, பயாப்ஸின்னு சின்னத் துண்டு எடுத்தோ டெஸ்ட் பண்ணிப் பார்க்காம கேன்சர்னு முடிவு கட்ட விடாதீங்க. அதுக்கு முன்னாடி ரத்தம் ஒழுங்கா உறையுதான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. (பூனை வச்சிருக்கறவங்க: பூனைக்கு கல்லீரல்ல அதிகமா வர்றது பித்தநாளக் கட்டி, அதுல நிறைய கேன்சர் இல்லாத சாதுவானதுதான்.)

எங்களுக்கு இடது பக்கம், எடுத்தாச்சு, அப்புறம் ரெண்டரை வருஷம் இருந்தான், கடைசில போனது கிட்னியால. வலது பக்கம்னா பெரிய ரத்தக்குழாய் ஒட்டியே போகும், ரிஸ்க் ஜாஸ்தி, சிடி ஸ்கேன் எடுக்காம கத்தி வைக்க ஒத்துக்காதீங்க. ரிப்போர்ட்ல எந்த மடல்னு போட்டிருக்காங்க?