கோச்சி விளையாட்டுகளில் எதை எடுப்பது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

போன வாரம் என் கணினி விளையாட்டில் கோச்சி (எங்கள் ஊரில் ரயிலுக்குப் பெயர்) ஓட்டுகிற ஒரு சின்ன வீடியோவைப் போட்டேன். அவ்வளவுதான், இன்பொக்ஸ் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய எனக்கு விரல் இல்லை, ஆகவே வந்த கேள்விகளை இங்கேயே போட்டுப் பதில் எழுதுகிறேன். நான் இலங்கையில் ஏறாவூர்ப் பக்கத்து ஆள், வீடு ரயில்கேட்டுக்கு அருகில், இரவுக் கோச்சியின் கூவல் கேட்காவிட்டால் நித்திரை வராத வகை. மைக்ரோசொஃப்ட் 2001இல் விட்ட ட்ரெய்ன் சிமுலேட்டரில் (இனி எம்எஸ்டிஎஸ்) தொடங்கிய பைத்தியம் இன்னும் விடவில்லை. எந்தக் கம்பனியும் எனக்குக் காசு தருவதில்லை, தந்தால் சொல்கிறேன்.

செங்கலடி தம்பி: அண்ணா, சுத்தி வளைக்காம ஒரே ஒரு பேர் சொல்லுங்க. எதை இறக்குறது?

ஓப்பன் ரெயில்ஸ். இலவசம், பழைய எம்எஸ்டிஎஸ்ஸுக்குச் செய்த வழித்தடங்களையும் இஞ்சின்களையும் அப்படியே ஓட்டும், உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து குவித்த சாமான் எல்லாம் உனக்குத் திறந்து கிடக்கும். அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று நான் சொல்லவில்லை. காசு போடுவதற்கு முன்னால், உனக்கு உண்மையிலேயே கோச்சி ஓட்டப் பிடிக்கிறதா, அல்லது வீடியோ பார்த்து வந்த ஆசையா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு மணித்தியாலம் பசஞ்சர் கோச்சி ஒன்றை ஓட்டி, எல்லா ஸ்டேஷனிலும் நேரத்துக்கு நிற்பாட்டிப் பார். சலிப்பு வந்தால் இது உனக்கான விளையாட்டு இல்லை, கார் கேமுக்குப் போய்விடலாம், நட்டமில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: அண்ணன், சும்மா கிடைக்கிறதெண்டா தரம் குறைவாத்தானே இருக்கும்? என்ட லெப்டொப் 8 ஜிபி ரெம், தனியா கிராபிக்ஸ் கார்ட் இல்ல.

பார்வைக்குக் குறைவுதான், மறைக்க மாட்டேன். மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது போல நிற்கும், மனிதர்கள் பொம்மை மாதிரி இருப்பார்கள். ஆனால் ஓட்டத்தில் குறைவில்லை. பெட்டிகளின் எடை, கொக்கிகளின் இழுவை, சில்லு வழுக்குவது, பிரேக் குழாயில் காற்று போய்வர எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் கோச்சி நகரும். உங்கள் லெப்டொப்பில் இது ஓடும், மர அடர்த்தியையும் பார்வைத் தூரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அதே லெப்டொப்பில் காசு கொடுத்து வாங்கும் ட்ரெய்ன் சிம் வேர்ல்ட் என்ற விளையாட்டை இறக்கினால் ஃபேன் சத்தம்தான் இஞ்சின் சத்தம்.

கல்முனைத் தம்பி: ட்ரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக், ட்ரெய்ன் சிம் வேர்ல்ட் ரெண்டும் ஒரே கம்பனிதானே, பிறகேன் ரெண்டு? எதுல காசு போடுறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இரண்டும் இங்கிலாந்தின் டவ்டெயில் கேம்ஸ்தான். கிளாசிக்கின் வேர் 2007இல் வந்த ரெயில் சிமுலேட்டர், பிறகு ரெயில்வர்க்ஸ், பிறகு வருடத்துக்கொரு பெயர், இப்போது கிளாசிக். பழைய வீட்டுக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தது போல. நெடுங்காலம் 32-பிட்டில் (கணினியின் ஞாபகத்தில் ஓரளவுக்கு மேல் எடுக்க முடியாத பழைய முறை) ஓடியதால் பெரிய வழித்தடத்தில் ஞாபகம் நிரம்பிச் சட்டென்று மூடிக்கொள்ளும், 64-பிட் வந்த பிறகு அந்தத் தலையிடி குறைந்தது. இதன் பலம் கடைதான்: பிரிட்டன், ஜேர்மனி, அமெரிக்கா என்று விற்பனைக்கு இருக்கும் வழித்தடங்களையும் இஞ்சின்களையும் முழுதாக வாங்கப் போனால் ஆயிரக்கணக்கான டொலர் போகும். அங்கேதான் பொறியும் இருக்கிறது. ஒரு வழித்தடம் வாங்குவாய், அதில் ஒரு சீனாரியோ (ஓட்டச் சொல்லித் தரும் ஒரு பயணம்) இன்னொரு இஞ்சினைக் கேட்கும், அந்த இஞ்சின் தனியாக விற்கும் இன்னொரு தொகுப்பில் இருக்கும்.

வேர்ல்ட், அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் கட்டியது. கபினுக்குள் நீயே நடந்து போகலாம், கதவைத் திறந்து பிளட்ஃபோர்மில் இறங்கலாம், மழை பெய்தால் கண்ணாடியில் துளி ஓடும், வைப்பர் போட வேண்டும். முதல் நாள் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் வழித்தடங்கள் சேரச் சேர ஹார்ட் டிஸ்க்கில் நூறு ஜிபி இடம் பிடித்துவிடும், நம்முடைய டேட்டா பக்கேஜில் அதை இறக்குவது என்றால் பெருநாள் போனஸ் வேண்டும். புதிய இலக்கம் வேறு அடிக்கடி வரும், 2022இல் 3, 2023இல் 4, 2024இல் 5. பழைய வழித்தடங்களில் பெரும்பாலானவை புதியதிலும் வரும் என்பதால் கையில் இருப்பது வீணாகாது, ஆனால் புதியது வந்தவுடன் ஓடிப்போய் முழு விலைக்கு வாங்கவும் தேவையில்லை.

என் தீர்ப்பு: நல்ல கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் வேர்ல்ட், ஒரே ஒரு வழித்தடத்தோடு. இல்லாவிட்டால் கிளாசிக், அதுவும் தள்ளுபடி நாளில் மட்டும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியதை 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துக் காசை எடுக்கலாம், எனவே வாங்கிய கையோடு ஓட்டிப் பார்த்துவிடு. விலை டொலரில் காட்டும், உன் கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேட்டுக்கொள். நான் கேட்காமல் தள்ளுபடியின் கடைசி இரவில் உட்கார்ந்து நான்கு தடவை முயன்று, விடிந்ததும் முழு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

காத்தான்குடி வாப்பா ஒருவர்: மகனுக்கு ஒன்பது வயசு. ஓட்டுறதவிட தண்டவாளம் போட்டு ஊர் கட்டத்தான் விருப்பம். அதுக்கு எது?

நானா, மகனுக்கு ட்ரெய்ன்ஸ். அவுஸ்திரேலியாவின் ஓரான் கம்பனி தொடங்கியது, இப்போது என்3வி கையில். அதில் சேர்வேயர் என்றொரு பகுதி உண்டு, மவுஸால் மண்ணை இழுத்து மலையாக்கலாம், பள்ளமாக்கித் தண்ணீர் விடலாம், தண்டவாளத்தை நூல் மாதிரி வளைத்துப் போடலாம், போட்ட உடனே அதில் கோச்சி விடலாம். ஓட்டுவதற்கும் இரண்டு முறை இருக்கிறது: பொம்மை ரயில் மாதிரி ஒரே திருகியில் ஓட்டும் டிசிசி, உண்மையான கைப்பிடிகளோடு ஓட்டும் கேப். ஒன்பது வயதுக்கு முதலாவது போதும். மற்றவர்கள் செய்த பொருட்களை டவுன்லோட் ஸ்டேஷனில் இலவசமாக எடுக்கலாம், காசு கட்டாதவர்களுக்கு வேகம் ஊர்ந்துதான் வரும். ஓட்டும் உணர்வில் ட்ரெய்ன்ஸ் மற்றவற்றுக்குப் பின்னால்தான் என்பது என் அபிப்பிராயம், ஆனால் கட்டுவதில் அதை அடிக்க ஆளில்லை.

அம்பாறைத் தங்கச்சி: எங்கட மாவட்டத்துல ரயில் பாதையே இல்ல. மட்டக்களப்புக்கு வந்து ஏறினதுதான் அனுபவம். நம்ம கோச்சி மாதிரியே ஓட்டணுமெண்டா எதுல கிடைக்கும்?

நல்ல கேள்வி, மனசுக்குப் பிடித்த கேள்வியும். பெரிய கம்பனிகள் விற்கும் வழித்தடங்களில் நம்மைத் தேடவே வேண்டாம். ஓப்பன் ரெயில்ஸுக்குப் பொழுதுபோக்குக்காரர்கள் செய்த இந்தியச் சாமான் ஏராளம், நம்மவர்கள் செய்ததும் கொஞ்சம் உண்டு. இந்தியாவிலும் நமக்கும் ஒரே அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம். (எம்எஸ்டிஎஸ்ஸின் மூலத் தண்டவாளத் துண்டுகள் ஐரோப்பிய அளவில், 1435 மில்லிமீற்றரில் இருக்கும். உற்றுப் பார்த்தால் சில்லு வெளியே தள்ளி நிற்கும், உற்றுப் பார்க்காதீர்கள்.) சத்தத்துக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன்: நம் இலங்கை ரயிலின் எம்8 ரக டீசல் இஞ்சின்கள் 1996இல் வாரணாசியிலிருந்து வந்தவை, உள்ளே இருப்பது ஆல்கோ 251 என்ற டீசல் இயந்திரம். இந்தியாவின் பழைய டபிள்யூடிஎம்2 ரக இஞ்சினிலும் அதே குடும்பத்து இயந்திரம்தான். கனடாவிலிருந்து 1975இல் வந்த எம்4க்கும் அதே வம்சம், சிலிண்டர் மட்டும் குறைவு. ஆகவே நல்ல டபிள்யூடிஎம்2 ஒன்றை இறக்கிக் கண்ணை மூடிக் கேளுங்கள், அந்த நொண்டி நொண்டித் துடிக்கும் சத்தம் வரும்.

இன்னொன்று, வேக்குவம் பிரேக், அதாவது குழாயின் வெற்றிடத்தால் வேலை செய்யும் பிரேக். ஓப்பன் ரெயில்ஸ் இதைத் தனியாகக் கணக்குப் பார்க்கும், நான் இதை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணமே அதுதான். குழாயில் வெற்றிடம் 21 அங்குலம் என்று மானியின் முள் காட்டினால் பிரேக் விட்டிருக்கிறது. காற்றை உள்ளே விட்டால் முள் இறங்கும், பிரேக் பிடிக்கும். சொல்ல லேசு. பிளட்ஃபோர்ம் கண்ணில் பட்டதும் பதறி முள்ளை 10க்கு இறக்கினீர்கள் என்றால் கடைசிப் பெட்டி வரை பிடித்து, கோச்சி முனகிக்கொண்டு வேகம் இழக்கும், ஐயோ அதிகமாகிவிட்டது என்று விட்டால் முள் ஏறவே மாட்டேன் என்று நிற்கும், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் எக்ஸ்ஹோஸ்டர் மெதுவாகத்தான் வெற்றிடத்தை மீட்டெடுக்கும், அதற்குள் நீங்கள் பிளட்ஃபோர்முக்கு இரண்டு பெட்டி தூரம் முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். சனம் கல்லில் இறங்க வேண்டியதுதான். முதலே 16, 17க்கு மெதுவாக இறக்கி, பிடித்தது தெரிந்ததும் விட ஆரம்பித்து, நிற்கும் நேரத்தில் முள் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இது கைவர இரண்டு மாதம் பிடித்தது.

வாழைச்சேனைத் தம்பி: ஓப்பன் ரெயில்ஸ் போட்டேன், ரூட் திறக்குது, ஆனா தண்டவாளம் பாதியில காணாம போகுது, கோச்சி ஆகாயத்துல நிக்குது!

நூற்றுக்குத் தொண்ணூறு உன் டி-செக்‌ஷன் கோப்பு பழையது. குளோபல் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், எந்தத் தண்டவாளத் துண்டுக்கு என்ன வடிவம் என்று சொல்லும் அட்டவணை அது. புதிய வழித்தடம் புதிய துண்டுகளைக் கேட்கும், பழைய அட்டவணையில் அது இருக்காது. ஆகப் புதிய பதிப்பைத் தேடி மாற்று, அதோடு வரும் துண்டு வடிவங்களையும் சேர்த்துப் போடு, பழையதை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்துக்கொள். சில வழித்தடங்கள் பழைய எம்எஸ்டிஎஸ் சிடித் தட்டில் இருந்த கோப்புகளையும் கேட்கும், கூட வரும் ரீட்மி குறிப்பை வாசிக்காமல் எதையும் நிறுவாதே.

ஓட்டமாவடி: நண்பர்மார் சேர்ந்து ஒன்லைன்ல ஓட்ட எது நல்லம்?

சிம்ரெயில். போலந்துக்காரர்களுடையது, 2023 தொடக்கத்தில் வந்தது. ஓட்டுபவரும் ஆள், ஸ்டேஷனில் சிக்னல் போடுபவரும் ஆள். சிக்னல்காரர் தேத்தண்ணி குடிக்கப் போனால் நீங்கள் சிவப்பில் நிற்க வேண்டியதுதான், அதில்தான் ருசி. மைல் நீளக் குட்ஸ் கோச்சி பிடிக்குமென்றால் ரன்8, முழுக்க அமெரிக்கா. அதில் பிரேக்கை விட்டால் கடைசிப் பெட்டிக்குச் செய்தி போய்ச்சேர நேரமெடுக்கும், அவசரக்காரருக்கு ஆகாது.

ஒரு வரிக் கேள்விகள் சில, ஒன்றாகவே:

ஃபோனில் என்ன இருக்கிறது? சென்னைக் கம்பனி செய்த இந்தியன் ட்ரெய்ன் சிமுலேட்டர், பஸ்ஸில் போகும்போது பொழுது போக நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கரிக்கோச்சி ஓட்ட? டிரெயில் வேலி, கரி அள்ளிப் போட்டு, கொதிகலனில் தண்ணீர் மட்டம் பார்த்து நீங்களே காப்பாற்ற வேண்டும், மட்டம் இறங்க விட்டால் கொதிகலன் வெடிக்கும். பழைய டெஸ்க்டொப்புக்கு? ஓப்பன் பிவிஇ, அதுவும் இலவசம். ஜப்பான் மாதிரி கோட்டில் நிற்பாட்டிப் பழக? அந்த நாட்டு ரயில் கம்பனி ஜேஆர் ஈஸ்ட்டின் விளையாட்டு, உண்மையான பாதையைப் படம் பிடித்த வீடியோவிலேயே ஓடும். களவாக இறக்க லிங்க் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

களுவாஞ்சிகுடிப் பிள்ளை ஒன்று, அம்மாவின் ஃபோனிலிருந்து: மாமா, நீங்க செய்ற ரூட்ல யானை வருமா?

வரும் மகள். ரோட்டில் கார் விடும் ஏற்பாடு ஒன்று ஓப்பன் ரெயில்ஸில் இருக்கிறது, கார் வடிவத்துக்குப் பதிலாக யானை வடிவத்தைக் கொடுத்தால் யானை நடக்கும். ஆனால் கோச்சி அதன் ஊடாகப் புகை மாதிரிப் போய்விடும், யானைக்கும் ஒன்றும் ஆகாது கோச்சிக்கும் ஒன்றும் ஆகாது. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கத்தில் நம் மீனகயா கோச்சி யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டதே, அதற்குப் பிறகு எனக்கு இது இப்படியே இருக்கட்டும் என்று பட்டது.

மற்றவர்களும் கேட்டதால் சொல்கிறேன்: ஆம், மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை, ஏறக்குறைய 210 கிலோமீற்றர், கட்டிக்கொண்டிருக்கிறேன். டிஎஸ்ஆர்இ என்ற இலவசக் கருவியில், செய்மதி உயரத் தரவை வைத்து. கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போன காலத்து மன்னம்பிட்டியையும் ஓட்டமாவடியையும் வைக்க ஆசை. இப்போதைக்கு ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலை வரைதான் மரம் நட்டிருக்கிறேன், எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ரயில் கார்ட் ஒருவர்: தம்பி, டெப்லட் வாங்காம ஒரு ஸ்டேஷனையும் தாண்ட ஏலாது. நீங்க வீடியோல சிக்னலை மட்டும் பார்த்துப் போறீங்க. இது எந்த விளையாட்டில சரியா இருக்கு?

ஐயா, பிடித்துவிட்டீர்கள். (தெரியாதவர்களுக்கு: டெப்லட் என்பது ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியாக, ஒரு வளையத்தில் மாட்டி ஓட்டுநர் கையில் கொடுக்கும் அடையாளம்.) நான் ஓட்டிய எதிலும் அந்த வளையத்தைக் கையால் கொடுத்து வாங்குவது இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரே கோச்சி வந்தால் சிக்னல்தான் தடுக்கும். ஓப்பன் ரெயில்ஸில் சிவப்பில் நின்று கீபோர்டில் டெப் (Tab) விசையை அழுத்தி அனுமதி கேட்கலாம், அதைத்தான் நான் டெப்லட் என்று எனக்குள் நினைத்துக்கொள்கிறேன். சிம்ரெயிலில் மனிதர் அனுமதி தருவார், ஆனால் அது போலந்துச் சட்டம். என் வழித்தடத்தில் புனானையில் வளையம் தொங்கும் கம்பத்தை வடிவமாகவாவது வைக்க நினைக்கிறேன். கம்பம் பிளட்ஃபோர்மின் எந்த நுனியில் இருந்தது, வளையம் எவ்வளவு பெரியது, இரவில் விளக்கு எங்கே வைப்பார்கள், இந்த மூன்றையும் எழுதி அனுப்புவீர்களா ஐயா?