கெசிஸ் தரவுகளின் தரம்: கேள்வி பதில்

ஜெர்மனியின் மன்ஹைம், கொலோன் நகரங்களில் இயங்கும் கெசிஸ் என்னும் லைப்னிட்ஸ் சமூக அறிவியல் நிறுவனம் குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கெசிஸ் பல்கலைக்கழகமும் அன்று, அரசுப் புள்ளியியல் துறையும் அன்று. அது செய்வதுதான் என்ன?

பிறர் ஆய்வு செய்வதற்கு வேண்டிய அடித்தளத்தை அமைத்துத் தருகிறது. 1960இல் கொலோனில் தொடங்கிய தரவுக் காப்பகமும், 1974இல் மன்ஹைமில் தொடங்கிய ஆய்வுமுறை மையமும் 1986இல் ஒரே குடையின்கீழ் வந்தன. 1980 முதல் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் ஆல்பஸ் என்ற பொது மக்கள் கருத்தாய்வும் இதன் பொறுப்பில் உள்ளது.

ஆல்பஸில் பதிலளிப்போர் விகிதம் 1980இல் ஏறத்தாழ 70 விழுக்காடு. 2018இல் மூன்றில் ஒரு பங்குதான். தரமும் பாதியாகிவிட்டதா, ஐயா?

அப்படிக் கொள்ள இயலாது. சரிவு கவலைக்குரியதே, ஆனால் பதில் தந்தவர்களும் மறுத்தவர்களும் கேட்கப்பட்ட பொருளில் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதையும் பொறுத்தே பிழை அமைகிறது. அரசியல் ஆர்வம் பற்றிய வினாவில் அப்பிழை பெரிதாக இருக்கக்கூடும், ஏனெனில் அரசியலில் நாட்டமில்லாதவர் பேட்டியையும் தவிர்க்க வாய்ப்பு அதிகம்.

கருத்தாய்வுக்குத் தேர்வானவர் வீட்டில் இல்லாதபோது, கதவைத் திறந்தவரிடமே பேட்டியாளர் கேட்டுவிட்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று உண்டு. கணவன், மனைவி இருவர் மட்டுமே வாழும் வீடுகளைத் தனியே பிரித்தெடுங்கள். அங்கே இருவரும் தேர்வாகும் வாய்ப்பு சமம் ஆதலால், பதிலளித்தோரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற வெளிச்சான்று எதுவும் இதற்குத் தேவையில்லை. அத்தகையோர் 400 பேர் இருந்தால், தற்செயலால் ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம். 60 விழுக்காடு வந்தால், பகலில் வீட்டில் இருந்தவரிடம் பேட்டி எடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஆண்கள் கூடுதலாக மறுத்திருக்கலாம். எது என்று அறியக் களப்பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். ஆல்பஸ் 1994 முதல், 1998 நீங்கலாக, உள்ளாட்சிகளின் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து ஆட்களையே தேர்ந்தெடுப்பதால், யாரைப் பேட்டி காண்பது என்ற முடிவு பேட்டியாளரிடம் விடப்படுவதில்லை.

ஆங்கிலக் கருத்தாய்வு வினாத்தாளை வேறு மொழியில் மொழிபெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தால் போதாதா?

போதாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம், பதிலளிப்பவருக்கு விளங்காவிட்டாலும், ஆங்கிலத்துக்கு மிகச் சரியாகவே திரும்பிவிடும். மன்ஹைமில் பணியாற்றிய ஜேனட் ஹார்க்னஸ் வகுத்த முறையில், இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, வல்லுநர்கள் கூடிப் பரிசீலித்து முடிவெடுத்து, முன்சோதனையும் நடத்தி, ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் எழுதிவைக்கிறார்கள்.

கெசிஸின் அதே தரவுத் தொகுப்பை மறுபடி பதிவிறக்கியபோது என் அட்டவணை எண்கள் மாறிவிட்டன. ஏன்?

பதிப்பு மாறியிருக்கும். கெசிஸ் பதிப்பு எண்ணில் மூன்று பகுதிகள் உண்டு: நேர்காணல்களோ மாறிகளோ (ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவாகும் விவரங்கள்) சேர்ந்தால் முதல் எண்ணும், பொருளைப் பாதிக்கும் திருத்தம் நேர்ந்தால் இரண்டாம் எண்ணும், எழுத்துப்பிழை போன்ற சிறு திருத்தங்களுக்கு மூன்றாம் எண்ணும் உயரும். முதலிரு எண்களில் ஒன்று மாறியிருந்தால், திருத்தக் குறிப்பை வாசித்துவிட்டுக் கணக்கீட்டைப் புதிய பதிப்பில் மீண்டும் செய்யுங்கள். ஆய்வேட்டில் பதிப்பு எண்ணையும் டி.ஓ.ஐ. எனும் நிலையான இணைய அடையாளத்தையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.