வாரோ எழுதிய 600க்கும் மேற்பட்ட சுருள்கள் எங்கே போயின?

கி.மு. 116இல் பிறந்த ரோம அறிஞர் வாரோ எழுதியவை 74 நூல்கள், ஏறக்குறைய 620 சுருள்கள் என்பது கணக்கு. முழுசாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: 80ஆம் வயதில் எழுதிய வேளாண் நூல். சதுப்பு நிலத்தருகே வீடு கட்டாதே, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் வாய், மூக்கு வழியே புகுந்து நோய் தரும் என்கிறார் அதில். நுண்ணோக்கி வருவதற்கு எத்தனை நூற்றாண்டு முன்னால்!

கி.மு. 43இல் ரோமத் தலைவர் மார்க் அந்தோணியின் கொலைப்பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. ஆள் தப்பினார், நூலகம் சூறையானது. அதைவிடப் பெரிய எதிரி மறதிதான். படியெடுக்க ஆளில்லாத பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் தானே மக்கிவிடும். லத்தீன் மொழி பற்றிய 25 பகுதிகளில் 5 முதல் 10 வரை, அதுவும் ஓட்டைகளோடு, பிழைத்தது இத்தாலியின் மான்டே கசினோ மடத்தின் 11ஆம் நூற்றாண்டுப் படி ஒன்றால். தெய்வங்கள் பற்றி எழுதியதில் பெரும்பகுதி நமக்குத் தெரிவது, அதை மறுக்கவென்று கிறிஸ்தவ அறிஞர் புனித அகஸ்டின் எடுத்தாண்ட மேற்கோள்களால்.