மகளுக்கு ஹார்மோன் மாத்திரை: பெற்றோர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்ததா?

கேள்வி: 16 வயது மகளின் மாதவிடாய்க் கோளாறுக்கு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார். எங்களுக்கு விருப்பமில்லை. அவள் சாப்பிடுகிறேன் என்கிறாள். முடிவெடுக்க வேண்டியது யார்?

நானும் உங்களைப் போல வேண்டாம் என்று நின்றவள்தான். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

எங்களுக்கு ஊர் குடியாத்தம். மகளுக்கு அப்போது 15. வந்தால் பத்து, பன்னிரண்டு நாள் நிற்காது. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் என்று வெகுநாள் விட்டுவிட்டேன். பிறகு வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையோடு 21 மாத்திரை உள்ள ஓர் அட்டையையும் எழுதினார். மெடிக்கல் ஷாப் பையன் அதை நாப்கின் சுற்றுகிற மாதிரி பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் பிரித்தால், உள்ளே இருந்த துண்டுச்சீட்டில் கர்ப்பத்தடை என்று போட்டிருக்கிறது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போற பொண்ணுக்கு இந்த மாத்திரையா? வயித்துல ஒரு புழு பூச்சி தங்குமா?"

அட்டையை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அவரிடம் பேச்சே எடுக்கவில்லை. மகளிடம் "டாக்டர் மாத்தி எழுதிட்டாங்க" என்று ஒரு பொய்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளியில் காலை பிரேயரில் சுருண்டு விழுந்தாள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 6.4. 12 இருக்க வேண்டும், 8-க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை. ரத்தம் ஏற்றினார்கள். (பள்ளியில் வாராவாரம் தரும் நீல மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று துப்பிவிடுவாளாம். அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.)

அதே டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றார், அவ்வளவுதான். பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தேன். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவளுடைய ஸ்கூல் ஷூ மட்டும் தெரிந்தது. உள்ளே என்ன பேசினாள் என்று இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அவளாகவே ஒன்று சொன்னாள். ஒருநாள் உலைக்கு அரிசி அளக்கப் போனபோது அந்த அட்டை படியோடு கையில் வந்ததாம். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டாளாம். "எடுத்துப் போட்டிருக்கலாமேடி" என்றேன். "நீதான ஒளிச்சி வெச்ச. எடுத்தா திட்டுவ."

வயதுக்கு வந்து முதல் சில வருடங்கள் முட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராது. கர்ப்பப்பையின் உள்பூச்சு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாறுமாறாகக் கொட்டும். அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் இந்த மாத்திரை. நிறுத்தினால் பழையபடி மாதவிடாய் வரும். பின்னால் குழந்தை பிறப்பதற்குத் தடையில்லை. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல மாட்டேன். ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு, ஒருவகை ஒற்றைத் தலைவலி எல்லாம் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். சிலருக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருந்து, இப்படித்தான் முதலில் வெளிப்படும். அதற்கும் சோதனை உண்டு. இதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள், மாமியாரிடம் கேட்காதீர்கள்.

சட்டப்படி 18 வயதுக்குள் கையெழுத்து நம்முடையது. கருக்கலைப்புக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதையேதான் சொல்கிறது: 18 நிறையாதவளுக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 2012-இல் வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி டாக்டர் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாத்திரைக் கேள்விக்கு இது எதற்கு என்கிறீர்களா? மாத்திரை கொடுத்தால் பெண் கெட்டுவிடுவாள் என்ற பயம் எனக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கலாம். அரிசி டிரம்மில் கிடந்த அட்டைக்கே வாய் திறக்காத பெண், நிஜமாகவே ஓர் ஆபத்து வந்தால் என்னிடம் எப்போது வந்து சொல்லியிருப்பாள்? கருக்கலைப்புச் சட்டத்தில் வாரக் கணக்கு உண்டு, 18-க்குக் கீழே என்றாலும் 24 வாரம்தான் பொது எல்லை.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி பிறந்த கதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்து, ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் செத்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டருக்குப் படித்து 1900-இல் இங்கே வைத்தியம் தொடங்கினார். அந்தப் பக்கம் பஸ் போகும்போதெல்லாம் அந்த வீட்டார் வரிசையில் நானும் நிற்கிற மாதிரி இருக்கும்.

மாமியாரையும் ஒருமுறை கூட்டிப்போய் டாக்டரம்மாவையே விளக்கச் சொன்னேன். அடுத்த ஒன்பது மாதமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் "மாத்திரை போட்டுக்கினியாடி" என்று கேட்டது அவர்தான்.

உங்கள் மகளே சாப்பிடுகிறேன் என்கிறாளே, என் மகள் அந்த வார்த்தையைச் சொல்லவே பயந்தாள். அடுத்த முறை அவளோடு போங்கள், உங்கள் சந்தேகங்களை அவள் எதிரிலேயே கேளுங்கள். பிறகு டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுந்து வெளியே வந்து உட்காருங்கள். கதவை நன்றாகச் சாத்திவிட்டு.