கண்ணின் வடிவத்துக்கென்று தனி செட் வாங்க வேண்டுமா?

கேள்வி: தி.நகரில் ஒரு கடைக்குக் காஜல் வாங்கப் போனேன். விற்பனைப் பெண் என் முகத்தைப் பார்த்ததுமே, "உங்களுக்கு இமை மூடிய கண், அதற்கென்றே தனி செட் இருக்கிறது" என்று 12 நிற ஐ ஷேடோ பெட்டியை எடுத்து வைத்தார். விலை 1,800 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் கண் எந்த வடிவம் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? வாங்குவது சரியா?
- கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: வாங்க வேண்டாம். கண்ணின் வடிவம் மையை எங்கே, எவ்வளவு இடுவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வடிவத்துக்கு ஒரு செட் என்பது வெறும் விற்பனைப் பேச்சு. எல்லாக் கண்ணுக்கும் அதே பென்சில், அதே தூள்தான்.

வடிவத்தை வீட்டிலேயே கண்டறியலாம். மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் அருகில், கண்ணாடியைக் கண் மட்டத்துக்குப் பிடித்துக்கொண்டு நேராகப் பாருங்கள். புருவத்தைத் தூக்காதீர்கள், சிரிக்காதீர்கள். இரண்டும் இமையின் நிலையை மாற்றிவிடும். முதலில் மேல் இமையின் மடிப்பைக் கவனியுங்கள். கண் திறந்திருக்கும்போது புருவத்துக்குக் கீழுள்ள தோல் இறங்கி மடிப்பை மறைத்தால், அதுதான் மூடிய இமை. மடிப்பே இல்லையென்றால் ஒற்றை இமை. மடிப்பு நன்றாகத் தெரிந்தால் அடுத்ததாகக் கருவிழியைப் பாருங்கள். மேலும் கீழும் இமையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாதாம் வடிவம், மேலோ கீழோ வெள்ளை தெரிந்தால் வட்டக் கண். பிறகு ஒரு ஸ்கேலை மூக்கோரக் கண் முனையில் படுக்கைவசமாக வையுங்கள். காதுப்பக்க முனை ஸ்கேலுக்கு மேலே நின்றால் ஏறிய கண், கீழே போனால் இறங்கிய கண். கடைசியாக, இரண்டு கண்களுக்கும் நடுவில் இன்னொரு கண் பொருந்துமா என்று பாருங்கள். இடம் அதைவிடக் குறைவாக இருந்தால் நெருங்கிய கண்கள், கூடுதலாக இருந்தால் விலகிய கண்கள்.

ஒருவருக்கே இரண்டு மூன்று தன்மைகள் கலந்திருக்கும். இடது கண்ணும் வலது கண்ணும் கூட அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. அது குறையே அல்ல.

விற்பனைப் பெண் சொன்னது சரியாகவே இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். மூடிய இமையில் தடித்த ஐலைனர் மடிப்புக்குள் மறைந்துவிடும். கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தபடியே, இமை முடியை ஒட்டி மெல்லிய கோடாக வரையுங்கள். தோல் நிறத்தைவிட ஒரு படி கருத்த, மினுமினுப்பு இல்லாத பழுப்பை மடிப்புக்குச் சற்று மேலே, கண் திறந்திருக்கும்போதும் தெரிகிற இடத்தில் தடவுங்கள். மினுக்கும் தூளை இறங்கிய தோலின் மேல் போட்டால் இமை வீங்கியதுபோலத் தெரியும். வட்டக் கண்ணுக்குக் கோட்டை வெளி முனையைத் தாண்டிச் சற்று நீட்டலாம். இறங்கிய கண்ணுக்கு, முனையை எட்டுமுன்பே கோட்டை மேலே திருப்பிவிட்டு, கீழ் இமையின் வெளிப்பகுதியில் கருமையைத் தவிர்க்க வேண்டும். நெருங்கிய கண்களுக்கு மூக்குப் பக்கம் வெளிர் நிறமும் வெளிப்பக்கம் அடர் நிறமும் பொருந்தும். விலகிய கண்களுக்கு மூக்குப் பக்கம் வரை மையைக் கொண்டுவரலாம். பாதாம் கண்ணுக்கு எப்படி இட்டாலும் பொருந்தும்.

ஆகவே ஒரு காஜல், ஒரு பழுப்பு, ஒரு வெளிர் நிறம் போதும். பன்னிரண்டு நிறப் பெட்டியில் பத்து நிறங்கள் தொடப்படாமலே காலாவதியாகும். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் வெளிர் நிறம் வாங்கும்போது கவனம் வேண்டும். வெள்ளை கலந்த சாயல்கள் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். தேன் நிறம், செம்பு நிறம் பக்கம் தேடுங்கள். கடையில் எல்லோரும் தடவிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டரைப் புறங்கையில் மட்டும் தடவிப் பாருங்கள். பலர் கைபட்ட பென்சில் உங்கள் கண்ணுக்குள் போகவே கூடாது.

கேள்வி: எனக்கும் மூடிய இமைதான். காலையில் இடும் மை, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதிக விலை கொடுத்து வாட்டர்புரூஃப் வாங்கியும் பயனில்லை. காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன்.
- ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: வாட்டர்புரூஃப் என்றால் தண்ணீருக்குத் தாங்கும் என்றுதான் பொருள். எண்ணெய்க்குத் தாங்காது. உங்கள் கண்ணில் மையைக் கரைப்பது வியர்வை மட்டுமல்ல, தோலில் சுரக்கும் எண்ணெயும்தான். மூடிய இமையில் தோலும் தோலும் உரசுவதால், சென்னைப் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். இமையில் முதலில் பிரைமரோ (மேக்கப் நிலைத்து நிற்க அடியில் பூசுவது) சிறிதளவு பவுடரோ ஒற்றிவிட்டு மை இடுங்கள். கண்ணுக்குக் கீழே அதே நாளில் எண்ணெய்ப்பசையுள்ள கிரீமைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்குமுன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாண்டி பஜாரில் ஒரு கடையில் டெஸ்டரால் புறங்கையில் கோடு போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள். பிறகு மூக்கோரத்தில் விரலைத் தொட்டு, அந்த எண்ணெயால் கோட்டைத் தேயுங்கள். அப்போதும் நிற்கிற பென்சிலுக்குப் பணம் கொடுங்கள். லாக்மே, மேபெலின், சென்னையிலேயே தயாராகும் ஐடெக்ஸ் என எதுவானாலும் பெயரை நம்பாமல் இந்தச் சோதனையை நம்பலாம்.

லென்ஸ் அணிபவர் இமையின் உள்விளிம்பில் மை இடுவதை நிறுத்திவிடுவது நல்லது. கண்ணீரோடு கலந்து லென்ஸில் படியும், விளிம்பிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயையும் அடைக்கும். லென்ஸை மேக்கப்புக்கு முன் அணியுங்கள், மேக்கப்பைக் கலைக்கும் முன் கழற்றுங்கள். மஸ்காராவைத் திறந்த மூன்று மாதத்தில், பாதி மீதமிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: பாரிமுனைப் பக்கம் ஒரு சிறு கடையில் வெளிநாட்டு ஐ ஷேடோ பெட்டியை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினேன். பில் தரவில்லை. இரண்டே நாளில் இமை சிவந்து அரிக்கிறது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார்.
- இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

பதில்: உடனே நிறுத்துங்கள். அரிப்பு அடங்காவிட்டால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 1819 முதல் இயங்கும் மருத்துவமனை அது. அங்கே தரும் சீட்டு நாளை உங்களுக்குச் சாட்சியாகவும் உதவும். பெட்டியை எறியாமல் உறையோடு வைத்திருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்குமதியான அழகுசாதனத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பதிவுச் சான்றின் எண், ரூபாயில் எம்.ஆர்.பி. ஆகியவை இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள்களின் பட்டியல் இருக்க வேண்டும். இவை இல்லாத பொருளைக் கண்ணருகே கொண்டுபோக நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. முகவரியே இல்லாத பெட்டிக்கு அந்த விதியைக் காட்டி யாரைக் கேட்பது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே வாங்கியதற்கு ஆதாரமாகும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பேத்திக்கு மூன்று மாதம். தினமும் மை எழுதினால் கண் பெரிதாகும் என்கிறார்கள். எந்த மை வாங்கலாம்?
- பாட்டி, மயிலாப்பூர்

பதில்: எதுவும் வேண்டாம், அம்மா. கண்ணின் அளவும் வடிவமும் எலும்பும் இமையும் அமைந்த விதத்தால் வருபவை, மையால் மாறாது. வீட்டில் விளக்கில் பிடித்த மையானாலும் கண்ணுக்குள் வேண்டாம். சுர்மா கூடவே கூடாது. ஈயத் தாதுவைப் பொடித்துச் செய்வதுதான் பழைய சுர்மா. திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சில வாரங்களாக வலது இமை மட்டும் இறங்கியிருக்கிறது. தம்பி திருமணத்துக்கு அதைச் சரியாகக் காட்டும் ஐலைனர் எது?
- மகள், அம்பத்தூர்

பதில்: ஐலைனர் பிறகு பார்க்கலாம். வயதாகும்போது இரண்டு இமைகளும் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும், அதுவும் சில வாரங்களில் இறங்கினால் அதைக் கண்ணின் வடிவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு, தசைக் கோளாறுகளிலும் இப்படி வரும். இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ, கடும் தலைவலி என்றாலோ, இன்றே போங்கள்.