ஹார்ட்விக் ஹாலின் ஜன்னல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் டெர்பிஷயரின் ஹார்ட்விக் ஹாலைப் பற்றி 'சுவரை விடக் கண்ணாடி அதிகம்' என்ற பழைய சொலவடையோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தக் குளிரில் இத்தனை ஜன்னல் எதற்கு? சுவரே இல்லாமல் கட்டடம் எப்படி நிற்கிறது? ஜன்னல் வரியே பெரும் செலவாகியிருக்குமே?

கே.

அன்புள்ள கே.,

வரி விஷயம் எளிது. வீட்டின் ஜன்னல்களை எண்ணி விதித்த அந்த வரி 1696இல்தான் வந்தது. வீடு 1590களில் கட்டப்பட்டது.

கட்டடம் நிற்பதன் ரகசியம் உள்ளே இருக்கிறது. வீட்டின் நீளவாக்கில் நடுவே ஒரு கனத்த சுவர் ஓடுகிறது. கணப்புகளும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் அதில்தான். வெளிச்சுவரின் வேலை குறைந்ததால் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் அதைத் தாராளமாகத் திறந்துவிட்டார். ஆனாலும் கொஞ்சம் ஏமாற்று வேலை உண்டு. முகப்பின் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காக வைத்த சில ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான்.

எதற்கு என்றால், பணம் இருக்கிறது என்று காட்டத்தான். அன்று கண்ணாடி விலை அதிகம். வீட்டுக்காரி பெஸ் என்கிற எலிசபெத் ஷ்ரூஸ்பரி, நான்கு கணவர்களை இழந்தவர், பெரும் பணக்காரி. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளான 'ஈ.எஸ்.' என்பதைக் கல்லில் செதுக்கி வைத்தவருக்கு அடக்கம் எங்கிருந்து வரும்? பேத்தி அரபெல்லாவுக்கு அரியணையில் உரிமை இருந்தது. அரச விருந்தினருக்குத் தகுந்த வீடு வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் எலிசபெத் ராணி அந்த வீட்டுக்கு வரவேயில்லை.

குளிர் உண்மைதான். 1601இல் எழுதிய பொருட்பட்டியலில் பெஸ்ஸின் படுக்கையறைக்கு மட்டும் திரைகளும் கம்பளிகளுமாக அடுக்கியிருக்கிறார்கள். நீண்ட நடைக்கூடத்தில் ஒரு பக்கம் கண்ணாடி, எதிர்ப்பக்கம் விவிலிய வீரன் கிதியோனின் கதை சொல்லும் 13 திரைச்சீலைகள். எலிசபெத் ராணியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டனின் வாரிசிடம் வாங்கியவை. ஹாட்டனின் குலச்சின்னத்தின் மேல் தன் சின்னத்தை ஒட்ட வேண்டியிருந்ததால் பெஸ் விலையில் 5 பவுண்டு குறைக்க வைத்தாராம். கெட்டிக்காரி!

எனக்குக் கண்ணாடியை விடப் படிக்கட்டுதான் பெரிய சாதனை. மேல் தளங்களுக்குப் போகப் போக ஜன்னல்களின் உயரம் கூடுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் அரச மரியாதைக்கான கூடங்கள் என்று தளங்கள் அமைந்ததன் அடையாளம் அது. கல் படிகள் நேராக ஏறாமல் வீட்டுக்குள் வளைந்து வளைந்து போகின்றன. விருந்தாளி மூச்சு வாங்கியபடி உச்சித் தளத்தின் பெரிய கூடத்துக்கு வந்ததும், ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் வேட்டைக் காடு வண்ணச் சுதைச் சிற்பமாகச் சுவர் உச்சியெங்கும் விரிகிறது. போனால் முகப்பைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அந்தப் படிகளை மெதுவாக ஏறுங்கள்.