155 மி.மீ. கூலர் மாட்டியும் கேபினட் கதவு மூடவில்லை

கம்ப்யூட்டரின் சிபியுவைக் குளிர்விக்கும் கூலரை மாட்டிய பிறகு கேபினட் கதவு மூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கூலரை மாற்ற வேண்டாம். ரேம் பக்கம் இருக்கும் முன் ஃபேனை மட்டும் கழற்றிவிட்டு, நடு ஃபேனோடு ஓட்டுங்கள்.

உங்கள் கூலரான தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ-யின் உயரம் 155 மி.மீ.; உங்கள் கேபினட்டில் 160 மி.மீ. வரை இடம் என்கிறீர்கள். அப்படியானால் இடிப்பது ஹீட்சிங்க் (ஃபேன்கள் மாட்டியிருக்கும் உலோகத் தகடுகளின் அடுக்கு) இல்லை. விளக்கு வைத்த ரேம் சில 44 மி.மீ. வரை உயரம். அதற்கு வழிவிட முன் ஃபேனை மேலே தூக்கி கிளிப் போட்டிருப்பீர்கள்.

ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: ஃபேனின் விளிம்பு ஹீட்சிங்க் உச்சியைவிட 5 மி.மீ.-க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுதான்.

உங்கள் சிபியுவான ரைசன் 7 5700எக்ஸ் வழக்கமான அமைப்பில் 76 வாட்டைத் தாண்டாது; இந்த ஹீட்சிங்கிற்கு ஒரு ஃபேனே தாராளம். கழற்றிய பிறகு நடு ஃபேனின் வயரை ஸ்ப்ளிட்டர் (ஒரே பின்னில் இரண்டு ஃபேனை இணைக்கும் வயர்) இல்லாமல் நேராக மதர்போர்டின் சிபியு ஃபேன் பின்னில் செருகுங்கள். ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில் வேகம் காட்டும் பின் இருக்காது. அதில் மாட்டினால் பூட் ஆகும்போது ஃபேன் எரர் வரும். காற்று கேபினட்டின் பின்பக்கம் போகிறதா என்றும் பாருங்கள்.

ஹீட்சிங்கை அசைக்காதீர்கள். தூக்கிவிட்டால் சிபியுவுக்கும் அதற்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போட்டே ஆக வேண்டும். உங்கள் சிபியு உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் நேராக இழுத்தால் சிபியுவும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரலாம், பின்கள் வளையலாம்.

நாளை ரைசன் 9 5950எக்ஸ் சிபியுவுக்கு மாறினால் இந்தக் கணக்கு செல்லாது, அது 142 வாட். அப்போது உயரம் குறைந்த ரேமுக்கு மாறி இரண்டு ஃபேனையும் மாட்டுங்கள்.